ஆறாவது நாற்காலி

"வேலையை விட்டுட்டேன் அக்கா" என்று சொல்லிக்கொண்டே லோசா உள்ளே வந்தபோது நான் கொக்கோ கலக்கிக்கொண்டிருந்தேன்.

"எந்த வேலையை?"

"எத்தனை வேலை வெச்சிருக்கேன் நான்? மந்திரிங்க ரிப்பன் வெட்டுறதைப் படம் பிடிக்கிற வேலையைத்தான். பதினோரு வருஷம். அதே ரிப்பன், அதே கத்தரிக்கோல். மந்திரிங்கதான் மாறுறாங்க. வயிறு மாறல."

"இனிமே யார் வயித்தைப் படம் பிடிக்கப் போறே?"

"காசு குடுக்கிறவன் வயித்தை."

எங்கள் தீவின் தலைநகரான ஆப்பியாவில் அரசாங்க உத்தியோகத்தை விடுகிறவள் ஒன்று நியூசிலாந்துக்கு விமானம் ஏறுவாள், இல்லை பைத்தியம் பிடித்தவள். லோசா விமானம் ஏறவில்லை. வீட்டு வாசல் சீமைப்பலா மரத்தில் 'லோசா படங்கள்' என்று ஒரு பலகையை ஆணி அடித்து மாட்டினாள். 'ங்' கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அவளுடைய அதிகாரி பெனி மட்டும் அன்று மாலை பலகையைப் பார்க்க வந்தான். வேலி ஓரமாக நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

"ஒரு வருஷம் உன் நாற்காலியைக் காலியா வெச்சிருக்கேன், லோசா. மேலே கேட்டா நீ லீவுன்னு சொல்லுவேன். வருஷம் முடிஞ்சு வர்ற திங்கட்கிழமை எட்டு மணிக்கு நீ வந்து உட்காரலைன்னா என் மச்சினி உட்காருவா."

"உங்க மச்சினிக்குக் காமிரா பிடிக்கத் தெரியுமா?"

"உட்காரத் தெரியும்."

நான் அவளுடைய கையாளானது எப்படி என்று கேட்காதீர்கள். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். கை சும்மா இருக்காது. ஒரு நாள் "இந்த வெள்ளித் தட்டியைக் கொஞ்சம் பிடி அக்கா, வெளிச்சம் மூஞ்சியில விழட்டும்" என்றாள். பிடித்தேன். அப்புறம் கீழே வைக்கவே விடவில்லை.

முதல் சில மாதம் சாவு வீடுதான் சோறு போட்டது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குக் கூட வராதவர்கள் சாவுக்கு மூன்று நாட்டிலிருந்து வருவார்கள், வந்ததற்குப் படம் வேண்டும் என்பார்கள். ஒரு வீட்டில் பெட்டியில் கிடந்த பெரியவரைக் காட்டி மகள் கேட்டாள்: "படத்துல அப்பா லேசா சிரிக்கிற மாதிரி பண்ண முடியுமா?"

"உயிரோட இருக்கறப்ப சிரிப்பாரா?" என்றாள் லோசா.

"ஒரு நாளும் இல்ல."

"அப்ப சொந்தக்காரங்களுக்கு அடையாளம் தெரியாதேம்மா."

கொழுத்த பாஸ்டர் ஒருவர் படத்தில் தன் கழுத்தைத் தேடித் தரச் சொன்னார். குழந்தைகள் ஞாயிறு அன்று நாற்பது பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் நிற்க, ஒருத்தன் சேற்றில் விழுந்து எழுந்து நடு வரிசையில் வந்து நின்றான். கூலி சில நேரம் நோட்டாக வந்தது, பல நேரம் சேப்பங்கிழங்காக வந்தது. அந்த நாட்களில் ஆரம்பித்ததுதான் ஒரு வழக்கம்: செத்துப்போன என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை ஒன்றைத் துவைத்துத் தேய்த்து எப்போதும் என் பையில் வைத்திருப்பேன். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களில் எவனாவது ஒருத்தன் சட்டையில் பன்றிக் கொழுப்பை ஒழுகவிட்டிருப்பான். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது அந்தச் சட்டை இத்தனை நல்ல காரியங்களுக்குப் போனதில்லை.

பிழைப்பு ஓடியது. ஓடியது என்றால் நொண்டிக்கொண்டு. பதினோராவது மாதம் ஃபலேவாசா குடும்பத்தின் வேலை வந்தது.

ஃபலேவாசா என்பது ஒரு குடும்பத் தலைவர் பட்டம். அதைச் சுமந்த பெரியவர் இறந்து இரண்டு வருஷம். அடுத்து யாருக்கு என்று குடும்பம் இரண்டு வருஷமாகப் பேசி, கத்தி, அழுது, கடைசியில் போட்டியில் இருந்த ஐந்து பேருக்கும் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தது. ஒரு தொப்பியை ஐந்து தலையில் கவிழ்க்கிற வித்தை எங்கள் தீவில் புதிதில்லை. ஆக்லாந்திலிருந்து ஒருத்தர், சிட்னியிலிருந்து ஒருத்தர், ஹொனலூலுவிலிருந்து ஒருத்தர், ஆப்பியாவில் பாங்க் உத்தியோகத்தில் ஒருத்தர், ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டர். ஐந்து பேரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். ஒரே நாள், ஒரே சடங்கு.

"நானூறு பேர் வர்றாங்க அக்கா. பாதிப் பேர் வெளிநாட்டுலேர்ந்து" என்று லோசா விரலை மடக்கினாள். "படம் பிடிச்சுப்போனா அவங்க வீட்டுக் கல்யாணம், சாவு, பிறந்த நாள் எல்லாம் நமக்குத்தான். பிடிக்கலைன்னா, சாயங்காலத்துக்குள்ள மூணு நாட்டுல என் பேர் நாறிடும்."

"சடங்கு என்னிக்கு?"

"சனிக்கிழமை. அதுக்கு அடுத்த திங்கட்கிழமைதான் பெனி சொன்ன திங்கட்கிழமை."

குடும்பம் கேட்டது நிறையப் படங்கள். ஆனால் முக்கியமானது ஒன்றே ஒன்று. புது ஃபலேவாசாக்கள் எல்லாரும் சேர்ந்திருக்கும் படம். கதவு அளவு பெரிதாக்கி ஊர்ச் சபை வீட்டில் மாட்ட வேண்டும். அதையே அன்று சாயங்காலத்துக்குள் வெளிநாட்டில் இருக்கிற எல்லாருக்கும் போனில் அனுப்பியும் ஆகவேண்டும்.

புதன்கிழமை போன் அடித்தது.

"லோசா, ஆக்லாந்து மாமா பேசறேன். அந்தப் பெரிய படத்துல நடுவுல யாரு?"

"நீங்க யாருன்னு நினைக்கிறீங்க மாமா?"

"நான் நினைக்கிறது இருக்கட்டும். நான்தான்னு என் பொண்டாட்டி நாற்பது பேர்கிட்ட சொல்லிட்டா."

"சரி மாமா."

அரை மணி நேரம் கழித்து சிட்னி. "என் அம்மாதான் மூத்த வழி. உனக்குத் தெரியாததா?" "தெரியும் மாமா." அப்புறம் ஹொனலூலு. "நான் கொஞ்சம் பெருத்துட்டேன் லோசா. ஓரத்துல உட்கார்ந்தா படம் சாஞ்ச மாதிரி இருக்கும். நடுவுல வெச்சாத்தான் நிதானம்." "ஆமா மாமா." பாங்க்காரர் நேரிலேயே வந்து ஒரு டின் பிஸ்கட் வைத்துவிட்டுப் போனார். ஹெட்மாஸ்டர், தன்னிடம் அவள் மூன்றாம் வகுப்பு படித்ததை ஞாபகப்படுத்தினார். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை.

"ஏண்டி, அஞ்சு பேருக்கும் தலையாட்டினியே?" என்றேன்.

"பெரியவங்க அக்கா. முடியாதுன்னு எப்படிச் சொல்றது? உனக்கு வாய் வருமா?"

எனக்கும் வராது. முப்பது வருஷம் தபால் ஆபீஸில் 'ஸ்டாம்பு தீர்ந்துபோச்சு' என்று ஒரு பெரியவரிடமும் நான் சொன்னதில்லை. 'நாளைக்கு வாங்க ஐயா' என்றுதான் சொல்லியிருக்கிறேன். மறுநாளும் அதையே சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை விடியலில் சியாகியின் பஸ்ஸில் போனோம். சியாகியும் அதே ஃபலேவாசா குடும்பம்தான். ஐம்பது வயதுக்கு மேலே ஆகிறது. ஊரை விட்டு எந்த வெளிநாட்டுக்கும் போகாதவன். குடும்பத்தில் யார் செத்தாலும் குழி வெட்டுவான், யார் பிறந்தாலும் பன்றி சுடுவான். செத்துப்போன பெரியவரைக் கடைசி நான்கு வருஷம் குளிப்பாட்டியதும் அவன்தான். அன்றைக்கும் ஆளை இறக்கிவிட்டுவிட்டு பன்றி சுடுகிற அடுப்புக் கல்லைச் சூடாக்கப் போகவேண்டும் என்று பஸ்ஸைப் பறக்கவிட்டான்.

"ஏன்டா சியாகி, அஞ்சு பேருக்குக் குடுக்கிறாங்களே, உனக்கு ஒண்ணு கேட்கக் கூடாதா?" என்றேன்.

"எனக்கு எதுக்கு அக்கா? பட்டம் கட்டினவன் பன்னி சுடுவானா? அப்புறம் அந்த அஞ்சு பேரும் எதைத் திம்பாங்க?"

"யாராவது உன்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்களே. எத்தனை பன்னின்னு."

சடங்கு நன்றாகவே நடந்தது. ஆவா என்கிற வேர்ச் சாற்றைக் குடித்தார்கள், சீராக வந்த பாய்களை விரித்துக் காட்டினார்கள், பேச்சாளர்கள் மூன்று மணி நேரம் பேசினார்கள். மூன்றாவது மணி நேரத்தில் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. லோசா வானத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அரை மணி நேரம்தான் அக்கா. நாற்காலியைப் போடு."

சபை வீட்டுக்கு எதிரே புல்வெளியில் சர்ச் ஹாலின் பிளாஸ்டிக் நாற்காலி ஐந்தை வரிசையாகப் போட்டேன். நானூறு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஐந்து புதுத் தலைவர்களும் வெள்ளைச் சட்டை, இடுப்பில் கறுப்பு லாவாலாவா வேட்டி, கழுத்தில் தலைவர்களுக்கு உரிய சிவப்புத் தாழங்காய் மாலை என்று கம்பீரமாக நடந்து வந்தார்கள். வந்தவர்கள் ஐந்து பேரும் மூன்றாவது நாற்காலிக்குப் போனார்கள்.

ஹொனலூலுக்காரர்தான் முதலில் உட்கார்ந்தார். நாற்காலியின் கால் நாலும் மண்ணில் இறங்கின.

"எழுந்திரு" என்றார் ஆக்லாந்துக்காரர்.

"எழுந்திரிக்க முடியாது. மாட்டிக்கிச்சு."

"அது என் இடம். லோசா சொல்லியிருக்கா."

"என்கிட்டயும் சொல்லியிருக்கா" என்றார் சிட்னி.

பாங்க்காரர் பிஸ்கட் டின்னைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். ஹெட்மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். அந்தப் பார்வைக்கு நானே மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

"லோசா. அஞ்சு பேர்கிட்டயும் சரின்னு சொன்னியா?"

"அஞ்சு பேரும் பெரியவங்கதானே சார்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். வயதுப்படி உட்காரலாம் என்றார் ஆக்லாந்து. வம்சப்படி என்றார் சிட்னி. சடங்குக்கு யார் எத்தனை பாய் கொண்டுவந்தார்களோ அதன்படி என்றார் பாங்க்காரர். ஊரிலேயே இருக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்றார் ஹெட்மாஸ்டர். ஹொனலூலுக்காரர் எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பேச என்ன இருக்கிறது?

"நிக்க வெச்சு எடு" என்று ஒரு அம்மாள் யோசனை சொன்னாள்.

"நின்னா மட்டும் நடு இல்லாம போயிடுமா?" என்றாள் இன்னொருத்தி.

"அஞ்சு படமா எடுத்துடு. ஒவ்வொண்ணுல ஒருத்தர் நடுவுல."

"சபை வீட்டுல அஞ்சு படமா? அப்ப முதல் படம் எது?"

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், சபை வீட்டுக்குள் இவர்கள் யாரும் நடுவுக்கு அடித்துக்கொள்வதில்லை. அங்கே இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் இருக்கிற தூணடிதான் பெரிய தலைவர்களுக்கு மரியாதை. படம் என்று வந்துவிட்டால் மட்டும் நடு. வெள்ளைக்காரன் காமிராவை மட்டும் இறக்கவில்லை, அதோடு நடுவையும் சேர்த்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

லோசா காமிராவைக் கண்ணில் வைத்தபடியே நின்றிருந்தாள். அழுகிறாளோ என்று பக்கத்தில் போனேன்.

"அக்கா, திங்கட்கிழமை என்ன சட்டை போட்டுக்கிட்டுப் போவேன் ஆபீசுக்கு?"

"வாயை மூடு. மழை வருது, ஏதாவது பண்ணு."

அவள் நாற்காலிகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு காமிராவை இறக்கினாள்.

"அக்கா, இன்னொரு நாற்காலி கொண்டா."

"எதுக்குடி?"

"ஆறு நாற்காலிக்கு நடு எது, சொல்லு?"

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் வெறும் காற்றுதான் இருந்தது.

லோசா தலைவர்களிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஐயாமாருங்களே, நம்ம வழக்கத்துல பெரியவங்களுக்குக் கோடித் தூண்தானே? அதனால மூத்தவங்க ரெண்டு பேரும் ரெண்டு கோடியில. மிச்சப் பேர் உள்ளே. ஆறாவதா யாராவது ஒருத்தர் உட்கார்ந்தா, நடுவே இருக்காது. நடு இல்லைன்னா சண்டையும் இல்ல."

ஆக்லாந்தும் ஹொனலூலுவும் கோடிக்கு ஒப்புக்கொண்டார்கள். ஹொனலூலுக்காரரை மூன்று பேர் சேர்ந்து பிடுங்கி எடுத்தோம். மற்ற மூன்று பேரும், நடு தனக்கு இல்லாவிட்டாலும் அடுத்தவனுக்கும் இல்லை என்று தெரிந்ததும் சாந்தமானார்கள்.

"ஆறாவது யாரு?"

பாஸ்டரைக் கேட்கலாமா என்றால், பாஸ்டர் எங்கே உட்கார்ந்தாலும் அதுதான் நடு. செத்துப்போன பெரியவரின் தங்கை இலிசா அத்தையைக் கேட்கப் போனேன். குடும்பத்தில் அவளுடைய வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது. அவள் பந்தலில் கால் நீட்டி உட்கார்ந்து பன்றித் தோலை மொறு மொறுவென்று கடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அஞ்சு பேரோட வரிசையிலயா? போடி. எனக்கு முதுகு வலி."

"ஒரு நிமிஷம்தான் அத்தை."

"அவங்களைப் பார்த்துத்தான்டி வலியே வந்தது."

திரும்பி வந்து சொன்னேன். தலைவர்கள் ஐந்து பேரும் கூட்டத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தன் மகனைச் சொன்னார். மற்ற நான்கு பேரும் முறைத்தார்கள். இன்னொருவர் மச்சானைச் சொன்னார். அதற்கும் அதே முறைப்பு. யாரைச் சொன்னாலும் அது யாரோ ஒருத்தர் பக்கம். அந்த நேரம் பார்த்து, வெற்று உடம்போடு, முகமெல்லாம் கரியாக, ஒரு கூடை சீமைப்பலாவைத் தோளில் வைத்துக்கொண்டு குறுக்கே போனான் சியாகி.

"சியாகி! இங்க வா!" என்று கத்தினார் ஆக்லாந்துக்காரர். "இவன் போதும். இவன் யார் பக்கமும் இல்ல."

"ஆமா, இவன்னா சரி" என்றார் சிட்னி. அன்று முழுக்க ஐந்து பேரும் ஒரே வார்த்தையில் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

"அடுப்புல இன்னும் ரெண்டு பன்னி இருக்கு மாமா."

"பன்னி எங்கயும் போகாது. உட்காரு. சும்மா நாற்காலியை ரொப்பத்தான்."

நான் அவன் முகத்தை ஈரத்துணியால் துடைத்தேன். பையில் இருந்த என் வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டுவிட்டேன். தோளில் கொஞ்சம் பிடித்தது. சிட்னிக்காரரும் பாங்க்காரரும் ஒரு நிலத் தகராறில் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள், தோளோடு தோள் உரசமாட்டோம் என்றார்கள். அவர்களுக்கு இடையில் சியாகியை உட்கார வைத்தோம்.

லோசா காமிரா வழியே பார்த்தாள். "ஒருத்தர் கழுத்து மட்டும் மொட்டையா இருக்கு. முன்பல்லு விழுந்த வாய் மாதிரி. யார்கிட்டயாவது மாலை இருக்கா?"

ஹெட்மாஸ்டரின் மனைவி உபரி மாலை ஒன்று வைத்திருந்தாள். சியாகி கழுத்தில் விழுந்தது. அப்போது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் தோன்றவில்லை. வெளிச்சம் சரியாக விழுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாலு முறை அமுக்கினாள். பதினைந்தாவது முறை மழை.

ஹெட்மாஸ்டர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தோம். பதிமூன்றில் எவராவது ஒருவர் கண்ணை மூடியிருந்தார். ஒன்றே ஒன்று உருப்படி. அதைப் பார்த்ததும் நான் சிரித்துவிட்டேன். இல்லாத நடுவுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஐந்து பேரும் லேசாகச் சாய்ந்திருந்தார்கள். சியாகி மட்டும் சாயவில்லை. முழங்காலில் கை வைத்து, நிமிர்ந்து, தூரத்தில் புகைந்துகொண்டிருந்த தன் அடுப்பைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கிறவர்களுக்கு அது ஊரைப் பற்றிய கவலை மாதிரித் தெரிந்தது.

"ராஜா மாதிரி இருக்கான்டி" என்றேன்.

"வெளிச்சம் அக்கா. நீ தட்டியை அவன் பக்கம் பிடிச்சிட்டே."

படம் அன்று சாயங்காலமே எல்லா நாட்டுக்கும் போயிற்று, நாங்கள் இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலை சர்ச் ஆராதனையில் ஊர்ப் பாஸ்டர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, ஃபலேவாசா குடும்பத்துக்காக நன்றி சொன்னார்: "ஆண்டவரே, எங்களுக்கு நீர் கொடுத்த ஆறு புதிய தலைவர்களுக்காக."

நான் ஒரு கண்ணைத் திறந்தேன். முன்வரிசையில் ஐந்து ஜோடிக் கண்கள் முழுசாகத் திறந்திருந்தன.

ஜெபத்தில் திருத்தம் சொல்ல முடியுமா? சர்ச்சிலிருந்து வெளியே வருவதற்குள் போன்கள் குளவிக்கூடு மாதிரி இரைந்தன. பிரிஸ்பேனிலிருந்து ஒருத்தி: "சியாகிக்கும் குடுத்துட்டீங்களா! இப்பவாவது புத்தி வந்ததே!" ஆக்லாந்திலிருந்து ஆக்லாந்துக்காரரின் சொந்த மகள்: "அப்பா, சியாகி மாமாவை நடுவுல வெச்சீங்களே, எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!" யாரோ பாய் அனுப்புவதாகச் சொன்னார்கள். யாரோ ஃப்ரிஜ் அனுப்பியே விட்டார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து பேரும் வராந்தாவுக்கு வந்தார்கள். சேப்பங்கீரை வாசம் இன்னும் கையில் இருந்தது. ஆக்லாந்துக்காரர் உட்காரவில்லை.

"அவனை எடுத்துடு."

"எங்கேருந்து மாமா?"

"படத்துலேர்ந்து. உன் கம்ப்யூட்டர்ல முடியும்னு எனக்குத் தெரியும். யாரோ ஒரு பாஸ்டருக்குக் கழுத்தே வெச்சுக் குடுத்தியாமே? சபை வீட்டுல மாட்டற படத்துல அவன் இருக்கக் கூடாது. இருந்தான்னா, பட்டம் வாங்கினான்னு அர்த்தம். நாளைக்கு அவன் பேரன் அந்தப் படத்தைக் காட்டி நிலத்துல பங்கு கேட்பான்."

"நாற்காலியை ரொப்பத்தானே வெச்சோம்?"

"அது நமக்குத் தெரியும். படத்துக்குத் தெரியுமா? நீ எடுக்கலைன்னா, ஆக்லாந்துல உன்னை ஒரு பிறந்த நாளுக்குக் கூட எவனும் கூப்பிடமாட்டான். நான் பார்த்துக்கறேன்."

லோசா என்னைப் பார்த்தாள். என்ன செய்யச் சொல்வேன்? அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவர்கள் சொன்னதையே செய்தாள். பத்து நிமிஷ வேலை. சியாகி கழுத்திலிருந்து மாலை போயிற்று, அப்புறம் கழுத்து போயிற்று, சட்டை போயிற்று. என் வீட்டுக்காரர் இரண்டாவது முறை செத்த மாதிரி இருந்தது எனக்கு. பிறகு இடைவெளியை மூடுவதற்காக எல்லாரையும் நெருக்கி உட்கார வைத்தாள்.

"ஆச்சு மாமா. பாருங்க."

ஐந்து பேர். ஐந்து நாற்காலி. ஆக்லாந்து, சிட்னி, பாங்க், ஹெட்மாஸ்டர், ஹொனலூலு. எல்லாரும் ஒரே ஆளை நோக்கிப் பணிவோடு சாய்ந்திருந்தார்கள்.

பாங்க்காரர் முகத்தில் ஒரு புன்னகை மெல்லப் பரவியது. "ரொம்ப நல்லா வந்திருக்கு லோசா. இதையே வெச்சிடலாம்."

"எதை வெச்சிடலாம்?" சிட்னிக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஏய், இவன் நடுவுல வந்துட்டான்!"

"பிஸ்கட் டின் குடுத்து வாங்கினியா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"மாத்து! என்னை இங்க வை!" என்றார் சிட்னி.

"வைக்கலாம் மாமா. ஆனா அப்ப நீங்க நடுவுல இருப்பீங்க. மத்த நாலு பேரும் சரின்னா, இப்பவே வைக்கறேன்."

மற்ற நாலு பேரும் சரி என்பார்களா? மறுபடி வயது, வம்சம், பாய். கத்தல் கேட்டு இலிசா அத்தை தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே சியாகி, கையில் மடித்த சட்டையோடு.

"என்னடா ஞாயித்துக்கிழமை அதுவுமா சந்தை?"

எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அத்தை கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தாள்.

"சியாகி எங்க?"

"எடுத்துட்டோம் அத்தை."

"எடுத்துட்டீங்க. சரி. பாஸ்டர் ஜெபத்துலேர்ந்து எடுப்பீங்களா? போய்ச் சொல்லுங்க, ஆண்டவரே, ஒண்ணு அதிகமா எண்ணிட்டீருன்னு." அவள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "என் அண்ணனை நாலு வருஷம் குளிப்பாட்டினது எவன்டா? ஹொனலூலுவிலேர்ந்து கை நீட்டிக் குளிப்பாட்டினியா நீ?"

ஹொனலூலுக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"நான் கேட்கல அத்தை" என்றான் சியாகி. காது சிவந்திருந்தது. "என்னைக் கூப்பிட்டாங்க, உட்கார்ந்தேன். சட்டையைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். துவைக்கல, ஞாயித்துக்கிழமைங்கறதால."

"நீ கேட்கலைங்கறதுதான்டா எங்களுக்கு வசதியாப் போச்சு."

லோசா மெதுவாக ஒரு பொத்தானை அமுக்கினாள். சியாகி திரும்பி வந்தான். மாலையோடு, சட்டையோடு. நடு மறுபடி காற்றாயிற்று. ஐந்து பேரும் அந்தப் படத்தைப் பார்த்து விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. முதலில் தலையாட்டியது சிட்னிக்காரர். "இருந்துட்டுப் போகட்டும். இந்தப் பாங்க்காரன் நடுவுல இருக்கறதுக்கு, சியாகி பட்டமே வாங்கிக்கட்டும்." ஒவ்வொருவராக ஆட்டினார்கள். ஆக்லாந்துக்காரர் கடைசி, அவருடைய மகள் பெரிய மனசு என்று சொன்னது அதற்குள் அவருக்கே பிடித்துப்போயிருந்தது.

"புதன்கிழமை நான் விமானம் ஏறணும். அதுக்குள்ள இவனுக்கு ஆவா சடங்கு முடிச்சிடுங்க. விட்டா நான்தான் வேண்டாம்னேன்னு சொல்லுவாங்க."

"ஒரு சந்தேகம்" என்றான் சியாகி. "அன்னிக்குப் பன்னியை யார் சுடுறது? பட்டம் கட்டறவனே சுட முடியாதே."

அத்தை சிரிக்கவே இல்லை. "அஞ்சு பேர் சும்மாதானே இருக்காங்க?"

செவ்வாய்க்கிழமை நடந்த சடங்கில் பன்றி பாதி வெந்திருந்தது. எல்லாரும் மரியாதையாகத் தின்றோம். ஆனால் அதற்கு முன்னால் திங்கட்கிழமை வந்ததே, அதைச் சொல்ல வேண்டும்.

எட்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. லோசா என் வீட்டுப் படியில் கொக்கோ குடித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற சட்டை இல்லை, பழைய பனியன். ஒரு கையில் போன், காதில் சிட்னிக்காரரின் சம்பந்தி.

"ஆமா மாமா... பட்டம் கட்டறதா? எத்தனை பேருக்கு?... ஏழா?" அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "நடுவுல யாருன்னு நீங்க கவலையே படாதீங்க மாமா."

வைத்த உடனே மறுபடி அடித்தது. இந்த முறை பெனி. குரல் எனக்கே கேட்டது.

"லோசா, மணி எட்டு. உன் நாற்காலி இங்க காலியா இருக்கு. என் மச்சினி வாசல்ல நிக்கிறா. என்ன சொல்றே?"

"மச்சினிக்கு வேற நாற்காலி போடுங்க" என்றாள் லோசா. "என் பழைய நாற்காலியை மட்டும் சியாகி பஸ்ல ஏத்தி அனுப்பிடுங்க. சனிக்கிழமை எனக்கு எட்டு வேணும், ஒண்ணு குறையுது."